மீகாங் ஒருநாள் படகுப் பயணம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

மண்ணச்சநல்லூரான்

போன வாரம்தான் வியட்நாம் போய்விட்டு வந்தோம், நானும் அம்மாவும். திருச்சியிலிருந்தே சைகோனுக்கு நேரடி விமானம் வந்துவிட்டதால்தான் இந்த ஆசையே வந்தது, இல்லாவிட்டால் அம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டு விமானம் மாறுவதெல்லாம் நடக்கிற காரியமா. (1976இலேயே ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் டாக்சிக்காரர் முதல் ஓட்டல்காரர் வரை சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

அங்கிருந்து ஒருநாள் மீகாங் டெல்டா பயணம் எடுத்தோம். பஸ், படகு, சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1800 ரூபாய் சொச்சம். எனக்குப் பாதி திருப்தி, பாதி எரிச்சல். கொட்டித் தீர்க்கத்தான் வந்திருக்கிறேன்.

காலை ஏழரைக்கு ஏற்றிக்கொண்டு 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மீ தோ என்ற ஊருக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு பழைய புத்தர் கோயில், வின் ட்ராங் என்று பெயர், வெளியே தொந்தியும் சிரிப்புமாக ஒரு பெரிய புத்தர், இன்னொருவர் சயனக் கோலத்தில். அம்மா ஸ்ரீரங்கம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்புறம் மோட்டார் படகு. ஆறு அகலமோ அகலம், டீயில் பால் அதிகமாகிவிட்ட நிறம், கும்பல் கும்பலாக ஆகாயத்தாமரை மிதந்து போகிறது. நடுவில் நான்கு தீவுகள்: டிராகன், யூனிகார்ன், ஆமை, ஃபீனிக்ஸ். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

யூனிகார்ன் தீவில் இறக்கித் தேன் டீ கொடுத்தார்கள். டீ ஆறுவதற்குள் தேன் பாட்டில் விற்பனை. அடுத்து மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுக்கச் சொன்னார்கள். அடுத்து பழத்தட்டு, கூடவே பாட்டு, பாட்டு முடிந்ததும் மேசை மேல் ஒரு பெட்டி. அப்புறம் படகேறி பென் த்ரே பக்கம் போய்த் தேங்காய் மிட்டாய்ப் பட்டறை, பட்டறையை விடப் பெரிதாக அதன் கடை. எங்கே போனாலும் இருபது நிமிடம், அதில் பதினைந்து கடைக்குள். "ஆற்றோரக் கிராம வாழ்க்கையை நேரில் பாருங்கள்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நான் பார்த்தது ஒரு கிராமம் இல்லை, ஆறு கல்லாப்பெட்டி.

கடைசியில் சின்ன வாய்க்காலில் துடுப்புப் படகு. இரண்டு பக்கமும் தண்ணீருக்குள்ளிருந்தே பனை மாதிரி ஓலை எழும்பி மேலே கூரை போட்டிருக்கிறது, படகுக்கு நான்கு பேர், முன்னால் ஒரு பெண், பின்னால் ஒரு பெண். அழகுதான். ஆனால் முன்னால் இருபது படகு, பின்னால் இருபது படகு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வாசல் மாதிரி முட்டிக்கொண்டு நின்றது.

நண்பர் குடும்பம் ஜனவரியில் போகிறது. இதையே எடுக்கச் சொல்வதா, வேறு வழி இருக்கிறதா? போனவர்கள் சொல்லுங்கள்.

பெட்டிதூக்கி

அதெல்லாம் வெள்ளைக்காரனுக்காகப் போட்ட செட்டு சார். நான் 2018இல் போனேன், இதே பாம்பு, இதே தேன், இதே பாட்டு. பாடின அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார். அந்தக் காசுக்கு சைகோனிலேயே உட்கார்ந்து நான்கு காபி குடித்துவிட்டு வரலாம்.

ஆம்பூர்பிரியாணி

பெட்டிதூக்கி அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். நான் சைகோனுக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனியில் ஆறு வருடமாக இருக்கிறேன் (எங்கள் ஊர் ஆட்கள் தோல் வேலைக்காக உலகம் முழுக்கப் போகிறார்கள், இங்கேயும் உண்டு). ஊரிலிருந்து யார் வந்தாலும் என் தலையில்தான் இந்தப் பயணம் விழும், பத்துப் பன்னிரண்டு தடவையாவது போயிருப்பேன்.

செட்டு எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாம்பு செட்டு, அதில் சந்தேகமே இல்லை, அதைத் தொடாதீர்கள், தொட்டால்தான் அந்தப் பிழைப்பு ஓடும். தேன் கடை பாதி செட்டு. தேங்காய் மிட்டாய் செட்டு இல்லை. பென் த்ரே என்றாலே வியட்நாம்காரர்களுக்குத் தேங்காய்தான், பண்ருட்டி என்றால் நமக்குப் பலாப்பழம் நினைவு வருகிற மாதிரி. தேங்காய்ப் பாலைச் சர்க்கரையும் தானியம் முளைக்கட்டி எடுத்த பாகும் சேர்த்துப் பெரிய வாணலியில் கிண்டிக் கிண்டி, பதம் வந்ததும் நீள அச்சில் ஊற்றி, ஆறியதும் வெட்டுகிறார்கள். இந்த மிட்டாயை உள்ளூர்க்காரர்களே டெட் புத்தாண்டுக்குப் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். டூரிஸ்ட் வரவில்லை என்றாலும் பட்டறை ஓடும். டூரிஸ்டுக்காக வைத்தது வாசலில் இருக்கும் கடை மட்டும்.

பாட்டும் அப்படித்தான். அதன் பெயர் டோன் கா தாய் து. இங்கே கல்யாணம், காரியம் முடிந்த சாப்பாடு, சும்மா சாயங்காலம் நாலு பேர் கூடினால்கூடப் பாடுவார்கள். 2013இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பகல் பதினொரு மணி வெயிலில் பஸ் கூட்டத்துக்குப் பாடினால் யார் பாடினாலும் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். நம் கச்சேரிப் பாடகரை ரிசார்ட் வாசலில் நிற்க வைத்துப் பாடச் சொல்லிப் பாருங்கள்.

சகோ, உங்கள் நெரிசலுக்குக் காரணம் வேறு. எல்லா பஸ்ஸும் சைகோனில் ஏழரை, எட்டுக்குக் கிளம்பும், எல்லாம் பத்து மணிக்கு மீ தோ படகுத்துறைக்கு வரும், எல்லாருக்கும் அதே வாய்க்கால். கூடவே கடல் ஏறி இறங்குவது இந்த ஆற்றுக்குள் தெரியும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. தண்ணீர் இறங்கிவிட்டால் சின்ன வாய்க்கால்களில் சேறுதான் மிஞ்சும், அதனால் மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு வாய்க்காலில் எல்லாப் படகும் வந்து அடைந்துகொள்ளும். ஜனவரியில் வருகிறவர்கள் காசு கொஞ்சம் கூடப் போனாலும் தனி வண்டி எடுத்துக் காலை ஆறுக்கே கிளம்பட்டும். தீவுகளில் இறங்காமல் ராச் மியு பாலம் வழியாக நேரே பென் த்ரே ஊருக்குள் போய் அங்கே படகு பிடிக்கட்டும். அந்தப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பென் த்ரேக்குப் போக ஃபெரிதான், அதனாலேயோ என்னவோ உள்ளே இன்னும் கொஞ்சம் நிதானம் மிச்சம் இருக்கிறது. செங்கல் சூளை, தென்னை நார் திரிக்கிற இடம், பாய் நெய்கிற வீடு என்று பார்க்கலாம், கடை கிடையாது.

இன்னொன்று. 2025 ஜூலை 1இல் நிறைய மாகாணங்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டார்கள். பென் த்ரே இப்போது வின் லாங் மாகாணத்தில், மீ தோ டாங் தாப் மாகாணத்தில். மேப்பில் வேறு பெயர் காட்டினால் பயப்பட வேண்டாம், டிரைவர் சரியான ஊருக்குத்தான் போகிறார்.

தேன்மொழி_கோவை

நாங்கள் போன டிசம்பரில் போனோம், ஆனால் கன் தோவுக்கு. மிதக்கும் சந்தை பார்க்கத்தான் ஆசை என்றால் சைகோனிலிருந்து ஒரே நாளில் போய் வர நினைக்கவே வேண்டாம். 170 கிலோமீட்டர். காய் ராங் சந்தை விடியற்காலை ஐந்துக்கு ஆரம்பித்து எட்டு ஒன்பதுக்குள் அடங்கிவிடும். ஒருநாள் பயணம் என்று கூட்டிப் போய்ப் பதினொரு மணிக்குக் காலி ஆற்றைக் காட்டிவிட்டு வருகிறார்கள். கன் தோவில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

நாங்கள் ஐந்தேகாலுக்குப் படகேறினோம். இருட்டு, குளிர்காற்று, பையன் என் சால்வைக்குள். விடிய விடிய ஒவ்வொரு பெரிய படகாக உருவம் பிடித்து வந்தது. படகு முகப்பில் இரண்டு கண் வரைந்திருக்கிறார்கள், திருஷ்டிக்கும் வழி தெரிவதற்கும். ஒவ்வொரு படகிலும் நீளமான மூங்கில் கம்பு, அதில் என்ன விற்கிறார்களோ அதைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அன்னாசி விற்றால் அன்னாசி, பூசணி விற்றால் பூசணி. மோட்டார் சத்தத்தில் கூவி விற்றால் யாருக்குக் கேட்கும்? தூரத்திலிருந்தே கம்பைப் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம்.

வழிகாட்டிப் பெண் இதை விடுகதையாகவே போட்டாள். தொங்கவிட்டதை விற்பது தெரியும், தொங்கவிட்டும் விற்காதது எது? துணிமணி. குடும்பமே படகில்தான் இருக்கிறது, துவைத்ததை வேறெங்கே காயப்போடுவார்கள். தொங்கவிடாமல் விற்பது? காபி, நூடுல்ஸ் சூப்பு. கொடியில் கட்ட முடியாதே. தொங்கவிட்டது ஒன்று, விற்பது வேறொன்று? அதற்கு என் வீட்டுக்காரர் வரைக்கும் யாருக்கும் பதில் தெரியவில்லை. கம்பில் கூரை ஓலை தொங்கினால் படகே விலைக்கு என்று அர்த்தமாம்.

காய் ராங்கும் முன்போல இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வியாபாரப் படகுகளை எண்ணினால் சில பத்து தேறும், ஏழு மணி ஆனதும் அவற்றைவிட எங்களைப் போன்றவர்கள் வந்த படகுகள்தான் அதிகம். சாலையும் பாலமும் வந்துவிட்டன, கன் தோ பாலம் 2010இல் திறந்தார்கள், லாரி தோட்டத்து வாசலுக்கே வருகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கரையில் இருக்கிறது. யார் படகில் குடியிருப்பார்கள்? மீ தோவிலிருந்து பக்கம் என்று காய் பே சந்தையை இன்னும் சிலர் விளம்பரத்தில் போடுகிறார்கள், அங்கே சந்தை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, அதை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

கடுகு78

சைவத்துக்கு என்ன செய்வது? மாமியாரும் வருகிறார், முட்டைகூட ஆகாது.

நளபாகம்

கடுகு அக்கா, ஒரே சொல் தெரிந்தால் போதும்: "சாய்". சைவம் என்று அர்த்தம். பௌத்தர்கள் நிறையப் பேர் சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம், நம் வீட்டில் அமாவாசை பௌர்ணமி மாதிரியே. அதனால் சின்ன ஊரில்கூடச் சாய் கடை ஒன்று இருக்கும். ஆனால் பயணக் கம்பெனி போடும் மதியச் சாப்பாட்டில் "வெஜிடேரியன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கீரை வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அது நம் உப்பு மாதிரி, அசைவம் என்றே தோன்றாது. முதல் நாளே சாய், மீன் சாறும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்ல வேண்டும்.

அசைவக்காரர்களுக்கு: யானைக்காது மீன் என்று ஒன்றை முழுசாகப் பொரித்து, தட்டில் நிமிர்த்தி நிற்க வைத்துக் கொண்டு வருவார்கள். சதையைப் பிய்த்துக் கீரையோடு அரிசித் தாளில் சுருட்டிச் சாப்பிட வேண்டும். அரிசித் தாளை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், கொதிக்கிற பானை வாயில் துணி கட்டி அதன் மேல் மாவைத் தேய்த்து, வெந்ததும் எடுத்து மூங்கில் தட்டியில் வெயிலில் காயப்போடுகிறார்கள். நம் இலை வடாமுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பக்கத்திலேயே சூடான மணலில் பொரி பொரிப்பார்கள், அதற்கு விளக்கமே வேண்டாம்.

இன்னொரு சங்கதி, யாரும் சொல்வதில்லை. புளிச் சூப்பில் ஒரு வெள்ளைப் பூ போடுகிறார்கள், அது நம் அகத்திப் பூவேதான். செப்டம்பர், அக்டோபரில் மேலே டாங் தாப், ஆன் யாங் பக்கம் வெள்ளம் பரவுகிற சமயத்தில் மஞ்சள் பூ ஒன்று கூடை கூடையாக வரும், அது சித்தகத்தி. நம்மூரில் வேலியோரம் சும்மா நிற்கிற செடி. அங்கே அதற்கென்று ஒரு பருவம், அதற்கென்று ஒரு மீன், அதற்கென்று ஆள் காத்திருக்கிறான்.

பெட்டிதூக்கி

சரி, மிட்டாய் நிஜம், பாட்டு நிஜம், பூ நிஜம். அப்படியானால் 40 பேரை ஆட்டுமந்தை மாதிரி ஓட்டுவது மட்டும் ஏன்? துடுப்புப் போடுகிற பெண்கள் இறங்கும்போது "டிப், டிப்" என்று கையை நீட்டுகிறார்களே, அதுவும் பாரம்பரியமா?

ஆம்பூர்பிரியாணி

அது பாரம்பரியம் இல்லை அண்ணா, வயிறு. எங்கள் தையல் பிரிவில் வேலை செய்கிற பெண்ணின் அம்மா அங்கேதான் துடுப்புப் போடுகிறார். முறை வைத்துத்தான் நடை கிடைக்கும், சில நாள் இரண்டு, கூட்டமான நாளில் ஐந்தாறு. நடைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னக் கூலி, நீங்கள் கட்டிய 1800இல் அது ஒரு டீ காசு. மிச்சம் டிப்தான்.

அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் போல வயல் இருந்ததாம். கோடையில் ஆற்றில் நல்ல தண்ணீர் குறைந்து கடல் உப்பு உள்ளே ஏறுகிறது, 2016இலும் 2020இலும் ரொம்ப மோசம், நெல் கருகிவிட்டது. மேலே சீனாவிலும் லாவோஸிலும் அணை, கீழே ஆற்று மணலை அள்ளுகிறார்கள், வண்டல் வருவது குறைந்து கரை அரித்துக்கொண்டு போகிறது. சிலர் இறால் குட்டைக்கு மாறினார்கள், சிலர் தென்னைக்கு, சிலருடைய பிள்ளைகள் எங்கள் ஷூ கம்பெனிக்கு வந்தார்கள். காவிரிக்காரர்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கிராம வாழ்க்கை எங்கே என்று சகோ கேட்டார். அந்தக் கையை நீட்டின அம்மாவின் வாழ்க்கை அதுதான், அதை விளம்பரத்தில் போட முடியாது.

20,000 அல்லது 50,000 டாங் கொடுங்கள். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங், கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரிய தொகை இல்லை.

கிள்ளான்_குமரன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஃபீனிக்ஸ் தீவில் யாரும் இறங்கவில்லையா? தேங்காய்ச் சாமியார் இருந்த இடம் அங்கேதானே. பிரான்சுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தேங்காயும் இளநீருமே ஆகாரம் என்று இருந்தாராம். புத்தரையும் ஏசுவையும் சேர்த்து ஒரு மதம். நாடே குண்டு மழையில் இருந்தபோது அந்தத் தீவில் சீடர்களோடு உட்கார்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்தார், இரண்டு பக்கத்து அரசாங்கத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை, பலமுறை பிடித்து உள்ளே போட்டார்கள். 1990இல் இறந்துவிட்டார். டிராகன் சுற்றிய தூண்கள், ராக்கெட் மாதிரி ஒரு கோபுரம் எல்லாம் வெளிறிப்போய் இன்னும் நிற்கின்றன. பார்க்க ஏதோ பழைய பொருட்காட்சி மைதானம் மாதிரி இருக்கும், ஆனால் கதை தெரிந்துகொண்டு பார்த்தால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவோம். எங்கள் வழிகாட்டி இரண்டே வரியில் முடித்துவிட்டுக் கழிப்பறை எங்கே என்று காட்டினார்.

மட்டுறுத்துநர்

இந்த இழையில் வாட்ஸ்அப் எண்ணோடு வந்த இரண்டு விளம்பரங்களை நீக்கியிருக்கிறேன். பேக்கேஜ் விற்பவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.

தேன்மொழி_கோவை

டிப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலச் சாயல். இருட்டில், அவசரத்தில், படகு ஆடும்போது மாறிவிடும். நான் பர்ஸில் வேறு வேறு அறையில் வைத்துக்கொண்டேன்.

மண்ணச்சநல்லூரான்

அக்கா, இதை நீங்கள் போன வாரமே எழுதியிருக்கக் கூடாதா?

முதல் பதிவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், வெட்கமாக இருந்தது. துடுப்புப் படகில் எனக்கு முட்டல் மோதல்தான் கண்ணில் பட்டது, அம்மா பின்னால் திரும்பி உட்கார்ந்து அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே வந்தார். இவர் தமிழ், அவர் வியட்நாமியம். வாய்க்காலோரத்து ஓலையைக் காட்டி இது எதற்கு என்று அம்மா சைகையில் கேட்க, அவர் தலைக்கு மேல் கையைக் கூரை மாதிரி வைத்துக் காட்டினார். உடனே அம்மா கீற்று முடைகிற மாதிரி விரலை மாற்றி மாற்றிப் போட, அவர் இல்லை என்று துடுப்பை மடியில் வைத்துவிட்டு, இலையைக் குச்சியின் மேல் மடித்து ஈர்க்கால் கோப்பது போலச் செய்து காட்டினார். படகு பாட்டுக்கு ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது, பின்னால் வந்த படகுக்காரி சத்தம் போட்டாள். நான் அப்போது எரிச்சலில் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். இதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும், கல்லாப்பெட்டியை எண்ணியிருக்கக் கூடாது.

இறங்கும்போது அவசரமாக ஒரு நீல நோட்டை நீட்டினேன். பத்தடி போயிருப்போம், பின்னால் ஒரே சிரிப்பு. அந்தப் பெண் நோட்டைத் தூக்கிப் பிடித்து மற்ற படகுக்காரிகளுக்கெல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிடுகிறார். பார்த்தால் 500,000. ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல்! திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் சரியான நோட்டைத் தேடி 20,000 எடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை, என் பர்ஸுக்குள் எட்டிப் பார்த்து, விரலால் 50,000 நோட்டைத் தொட்டுக் காட்டினார். கொடுத்தேன், வேறென்ன செய்வது.

பெட்டிதூக்கி

அந்த அம்மாவுக்கு ஒரு வணக்கம். நியாயமான பேரம்.

கடுகு78

நளபாகம், நன்றி. கன் தோவில் ஒரு ராத்திரி, அப்புறம் பென் த்ரே என்று முடிவு செய்துவிட்டோம். விசா எப்படி எடுத்தீர்கள்?

மண்ணச்சநல்லூரான்

அரசாங்க இணையதளத்தில் இ-விசா, ஒருமுறை நுழைய 25 டாலர். புரோக்கர் வேண்டாம். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள், நம் இனிஷியல் விஷயத்தில்தான் எல்லாரும் மாட்டுவது.

கடுகு78

கடைசியாக ஒன்று. என் நாத்தனார் வாங்கி வந்த தேங்காய் மிட்டாய் வீட்டில் இருக்கிறது. மேல் தாளை எடுத்தபிறகும் உள்ளே இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஆம்பூர்பிரியாணி

அக்கா, அது அரிசித் தாள். அப்படியே வாயில் போட வேண்டியதுதான்.

மண்ணச்சநல்லூரான்

அய்யோ. அம்மா நேற்று ராத்திரி முழுக்கக் கத்தியை வைத்துச் சுரண்டிச் சுரண்டி, தெருவில் எல்லா வீட்டுக்கும் உரித்தே கொடுத்துவிட்டார்.